பதில் வராவிட்டால்

தோர்ஷாவ்னிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல்.
வழியெல்லாம் குமட்டல், ஆனாலும்
அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்கவில்லை.
சுவுரோய் தீவின் பள்ளிக்கூடம்
பாதி மழைக்குள், பாதி மலைக்குள்.

ஃபயர்வால் என்று பெயர்.
நெருப்பும் கிடையாது, சுவரும் கிடையாது.
செருப்புப் பெட்டி அளவில் கறுப்பு இரும்பு,
நாலு பச்சை விளக்கு.
மேலே கை வைத்தால்
பூனை எழுந்துபோன நாற்காலியின் சூடு.

"எல்லா வலைத்தளமும் இதற்குள்ளேயா?"
தலைமையாசிரியை துரி கேட்டாள்.
இல்லை, இதற்கு ஒன்றும் தெரியாது.
பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் தட்டியதும்
மேகத்திடம் ஆள் அனுப்பிக் கேட்கும்: இது என்ன வகை?
மேகம் சொன்ன பிறகுதான் கதவு.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
அங்கே மலையைக் காணோம்,
மலைமேல் இருந்த ஆடுகளையும் காணோம்.
அதுவல்ல, என்றேன். இது ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறது.
"அங்கிருந்து எங்களைத் தெரியுமா அதற்கு?"

உரிமச் சாவி, இருபத்தைந்து எழுத்து.
கடிகாரத்தைத் திருத்தினேன்;
நேரம் பிசகினால் மேகம் முகம் கொடுக்காது.
பட்டியல் திறந்தது, எண்பத்துச் சொச்சம் வகை.
சூதாட்டம், தடு. ஆபாசம், தடு.
மது என்றதும் துரி சற்று யோசித்தாள்:
பிள்ளைகளுக்குக் கால்பந்துச் சட்டை வாங்கித் தருவதே
பீர் கம்பெனிதான்.
தடு.
கொடூரக் காட்சிகள், தடு.

சோதித்துப் பார்க்க எட்டாம் வகுப்பு ஹோக்னி வந்தான்.
கையுறையைக் கழற்றாமல் தட்டினான்,
சொந்த விரிகுடாவின் பெயரை, போன ஆகஸ்டை.
திமிங்கில வேட்டை. நீர் சிவந்த படங்கள்.
தடுக்கப்பட்டது.
"அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் நின்றேன்,
இடுப்பு வரை," என்றான்.
குறைபட்டுச் சொல்லவில்லை.
நான் ஆர்ஹூஸ்காரன். மத்தியானச் சாப்பாட்டில்
அந்தக் கறியை மட்டும் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தியதைத்
துரி பார்த்திருந்தாள்.
விலக்குப் பட்டியலில் சேர்க்கட்டுமா?
நாளைக்குப் பேசுவோம், என்றாள்.
நாளைக்கு நான் இருக்கமாட்டேன்.
அவளுக்கும் அது தெரியும்.

தேவாலயப் பாடகர் குழுவின் பக்கம்:
வகை தெரியாதது.
ஆட்டுக்கிடாய்க் கண்காட்சி: வகை தெரியாதது.
இந்தப் பள்ளியின் தளம்
மேகத்தின் கண்ணில் பட்டதே இல்லை.
இவர்கள் மொழி அதற்கு வாசிக்க வராது.
தெரியாததையெல்லாம் தடுத்தால்
ஊரே மழையில் நிற்கும்.
விட்டால், என்று தொடங்கினேன்.
"விடு."

கடைசியில் ஒரு சின்னச் சதுரம்.
மேகத்திடமிருந்து பதில் வராவிட்டால்
பக்கத்தைத் திறக்கலாமா?
மூடு என்பது கையேட்டின் கட்சி.
காற்று வலுத்த நாட்களில் கேள்வி போகும்,
விடை கடலில் எங்கோ நிற்கும்,
வகுப்பு முழுக்கச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
துரி என் கையிலிருந்து மவுஸை வாங்கி
சதுரத்தில் தானே குறியிட்டாள்.
"பதில் வருகிறவரை காத்திருந்தால்
இந்தத் தீவில் யாரும் குடியேறியே இருக்கமாட்டார்கள்."

தடுப்பு அறிவிப்பு டேனிஷில் இருந்தது.
அழித்துவிட்டு ஃபாரோ மொழியில் எழுதினாள்,
நிறுத்து என்று ஒரு சொல், அடியில் தன் பெயர்.
சொல்லின் நடுவில் ஓர் எழுத்து,
வாயில் ஒலிக்காது, எழுதாவிட்டால் பிழை.
அவள் பெயரின் கடைசியிலும் அதேதான்.
சேமித்தேன்.
பெட்டி அந்த எழுத்தை விழுங்கிவிட்டு
இரண்டு இடத்திலும்
கேள்விக்குறி வைத்தது.

ஹோக்னிக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"நிறுத்தவா என்று நம்மையே கேட்கிறது.
துரியா என்றும் கேட்கிறது."
அடுத்த புதுப்பிப்பில் சரியாகிவிடும், என்றேன்,
சரியாகுமா என்று தெரியாமல்.
அவள் திரையையே பார்த்தபடி நின்றாள்.
"அப்படியே இருக்கட்டும்."

கப்பல் ஊதியது.
துறைமுகம் இருந்த இடத்தில்
மேகம்.